அடியில் மட்டும் வெந்த முட்டை

எல்லோரும் சௌக்கியம்தானே? வீட்டில் முழங்கால் வலிக்காரர்கள், இருமல்காரர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் எல்லோரும் தேவலையா? தேவலை என்றால் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இந்த அத்தியாயத்தில் கொஞ்சம் சூடு அதிகம்.

புதிதாக வந்தவர்களுக்காக நடந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். நேற்று, நோன்பு மாதத்து மத்தியானத்தில், ஷிம்பானித் தீவின் படகுத்துறையில் ஷாலி நகுதாவின் தோணி தீப்பிடித்தது. தோணித் தலைவரை அங்கே நகுதா என்பார்கள். லாமு பட்டணத்துக்குப் போகவேண்டிய கண்டல் கம்புகளும் சுண்ணாம்பு மூட்டைகளும் அதில் ஏறியிருந்தன. உயிர்ச்சேதம் இல்லை. தோணியில் பாதி கரி. சமையல்காரன் ஓபோதான் அடுப்பு மூட்டியிருப்பான் என்று கூட்டத்தில் ஒரு குரல் கிளம்ப, "நான் நோம்பு, அடுப்பைத் தொடவே இல்ல" என்றான் ஓபோ.

அப்போதுதான் நம் பீ சொமோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். 'பீ' என்பது அங்கே மூத்த பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல். துறைமுகச் சுங்கத்தில் வெகுகாலம் பயணிகளின் மூட்டையைச் சோதனை போட்டவள். ஓய்வுக்குப் பிறகும் தீவில் எது காணாமல் போனாலும், எவன் பொய் சொன்னாலும், அவளைத்தான் கூப்பிடுவார்கள். தீயிலிருந்து ஓபோ காப்பாற்றிக் கொண்டுவந்த ஓலைக்கூடை நிறைய முட்டை. கூடை கருகவில்லை. அவள் அடிவரைக்கும் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்து, தோணி கட்டும் கல்லில் தட்டினாள். கெட்டியாக வெந்த முட்டை. ஓலை கருகாமல் முட்டை வெந்திருக்கிறது என்றால் வேகவைத்தது தீ இல்லை. தீக்கு முன்பே அடுப்பில் வெந்திருக்க வேண்டும். நோன்பு மாதத்தில், பட்டப்பகலில்! ஊரே ஓபோவைப் பார்த்துக் காறித் துப்பாத குறை. பீ சொமோ கையைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்த நடையில் வீட்டுக்குப் போனாள்.

அது நேற்று. இன்று காலையில் அவளுடைய எடுபிடி ஷேபு, அந்த முட்டைக் கூடையைச் சுமந்துகொண்டு போலீஸ் நிலையத்துக்கு வருகிறான். சாயங்காலப் படகில் ஓபோவையும் கூடையையும் லாமு கோர்ட்டுக்கு அனுப்புவதாக இன்ஸ்பெக்டர் ஒடுவோர் சொல்லியிருந்தார். பீ சொமோ முன்னால் நடந்தாள். சந்து குறுகல். பின்னால் தடாலென்று ஒரு சத்தம்.

"அக்கா, திட்டாதீங்க. சாட்சி தரையில கெடக்கு."

திரும்பினாள். ஷேபு மல்லாந்து கிடந்தான். அவன் காலுக்கு அடியிலிருந்து தப்பிய பூனை, கோபத்தை மறந்து தரையை நக்கிக்கொண்டிருந்தது.

"கண்ணு எங்கடா இருந்துச்சு?"

"முட்டை மேலதான் இருந்துச்சு. பூனை கால்ல இருந்துச்சு. ரெண்டு எடத்துல ஒரே நேரத்துல பாக்க நான் என்ன ஓணானா?"

 பீ சொமோ பூனையின் நாக்கையே பார்த்தாள். அது நக்கியது மஞ்சள் கரு. பச்சையாக, வழவழவென்று தரையில் ஓடிய மஞ்சள் கரு.

"ஷேபு, எந்திரி. உடைஞ்சது எல்லாம் மேல இருந்த முட்டையா?"

"ஆமாக்கா. மேல இருக்கிறவங்கதானே மொதல்ல விழுவாங்க. அரசியல்லகூட அப்படித்தான்."

அவள் அங்கேயே குந்தி உட்கார்ந்து, கூடையின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்துச் சுவரில் தட்டினாள். ஒரு பக்கம் வெள்ளை கெட்டி. மறுபக்கம் சளியாக வழிந்தது. அடியிலிருந்து ஒன்று. அது முழுக்கக் கெட்டி.

ஷேபு தலையைச் சொறிந்தான். "இது என்னக்கா, சப்பாத்தியா? ஒரு பக்கம் வெந்து இன்னொரு பக்கம் திருப்பிப் போடாம விட்டிருக்காங்க?"

"சட்டியில வேகவச்சா முட்டையைச் சுத்தி எல்லாப் பக்கமும் தண்ணி இருக்கும். எல்லாப் பக்கமும் வேகும். இது கூடையில இருக்கறப்பவே வெந்திருக்கு. சூடு அடியிலிருந்து வந்திருக்கு."

"அப்ப ஓபோ அண்ணன் அடுப்பு மூட்டல?"

"மூட்டல."

"அப்ப நேத்து நீங்க துறையில..."

"வாயை மூடு."

ஷேபு மூடினான். அவன் மூடியதும் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நேற்று ஒரே ஒரு முட்டையைத்தான் உடைத்தாள். இன்னொன்று உடைத்திருந்தால் போதும். ஆனால் அந்த ஒன்று உடைந்ததும் கூட்டம் 'ஆ' என்றது, அந்த 'ஆ' காதுக்கு இனிப்பாக இருந்தது, கை அத்தோடு நின்றுவிட்டது.  

நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ஒடுவோர் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். ஏரிக்கரை ஊர்க்காரர், கடல் உப்புக் காற்று அவருக்கு இன்னும் பழகவில்லை.

"பாதி முட்டைதான் வெந்திருக்கா? பாதி நோம்பு வச்சிருப்பான்" என்றார்.

"சார், வெளையாடாதீங்க. எனக்கு அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும்."

"கேளுங்க. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் படகு. பீ சொமோ, நேத்து ஊர் முன்னாடி உடைச்சது நீங்க. ஒட்டவைக்கறதுன்னா அதுவும் நீங்கதான். நான் இந்த ஊரு இல்ல, எனக்கு எதுக்கு வம்பு?"

கம்பிக்குப் பின்னால் ஓபோ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் குரலைக் கேட்டும் திரும்பவில்லை.

"ஓபோ, கூடையை எங்க வச்சிருந்த?"

"இப்பத்தான் இதைக் கேக்கணும்னு தோணுச்சா?"

"எங்க வச்சிருந்தேன்னு சொல்லு."

"முன்பக்கத்துல, சுண்ணாம்பு மூட்டைக்கு மேல. எப்பவும் அங்கதான். தோணி ஆடினாலும் மூட்டை ஆடாது, முட்டை உருளாது."

"தூக்கறப்ப அடியில எப்படி இருந்துச்சு?"

ஓபோ யோசித்தான். "ஈரமா இருந்துச்சு. புகை வந்துச்சு. ஆனா அந்தப் புகையில நெடி இல்ல, கண்ணும் எரியல."

"அது புகை இல்ல, ஆவி" என்றாள் பீ சொமோ மெதுவாக. "ஈரம் எப்படி வந்துச்சு?"

"இது என்ன கேள்வி? மத்தியானம் லுஹர் தொழுகை நேரத்துல பசங்க மேல்பலகைக்குக் கடல்தண்ணி ஊத்தினாங்க. இந்த வெயில்ல ஊத்தலைன்னா பலகை காஞ்சு பிளந்துக்கும். தோணியில பொறந்தவனுக்குச் சொல்லியா குடுக்கணும்? கொஞ்சம் உள்ள ஒழுகத்தான் செய்யும்."

வெளியே வந்ததும் ஷேபு குதித்தான். "சுண்ணாம்புக்கா! சுட்ட சுண்ணாம்பு தண்ணியைப் பாத்தா கொதிக்குமே! அடுப்பே வேணாம்."

"அது தீவுல பச்சைப் புள்ளைக்கும் தெரியும். ஆனா சுட்டது சுட்டபடி இங்கிருந்து என்னைக்காவது தோணி ஏறியிருக்கா? காளவாயிலிருந்து எடுத்து, குழியில போட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க நனைஞ்சு, ஆறி, தயிர் மாதிரி ஆகி, தண்ணி வடிஞ்சு கெட்டியானப்புறம்தான் காளவாய்க்கார ஃபூமோ மூட்டை கட்டி வெளிய விடுவாரு. அவங்க அப்பா காலத்து வழக்கம் அது. ஷாலியும் அப்படி நீத்த சுண்ணாம்புதான் ஏத்தினேன்னு அடிச்சுச் சொல்றாரு."

"அப்ப நீத்த சுண்ணாம்புக்குத் திடீர்னு கோவம் வந்துருச்சா?"

"அதைத்தான் ஃபூமோகிட்ட கேக்கப் போறோம்."

ஃபூமோவின் காளவாய் தீவின் அந்தக் கோடியில், சதுப்புக்குப் பக்கத்தில். பவளக்கல்லை விறகுமேல் வட்டமாக அடுக்கிச் சுடுகிற இடம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஷேபு வழியெல்லாம் எச்சில் விழுங்கிக்கொண்டே வந்தான், விழுங்கினால் நோன்பு முறியுமா என்று கேட்டுக்கொண்டும் வந்தான். காளவாய் வாசலில் ஒரு கழுதை நிழலில் நின்றது. உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் மின்னியது.

"என்ன அண்ணே, கழுதைக்குக் கல்யாணமா? எண்ணெய்க் குளியல் பலமா இருக்கு" என்றான் ஷேபு.

ஃபூமோ எழுந்து வந்தார். உயரமான மனிதர், இமைமுடியில்கூட வெள்ளைத்தூள். பீ சொமோவைப் பார்த்ததும் கொஞ்சம் குட்டையாகிப் போனார்.

"ஈ கடிச்சிருச்சு" என்றார்.

பீ சொமோ கழுதையின் விலாவைத் தடவிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பட்டை பட்டையாக முடி உதிர்ந்து, தோல் சிவந்து, கொப்புளம் உடைந்திருந்தது. கழுதை சிலிர்த்தது.

"மூட்டை தொங்குற எடத்துல மட்டும் கடிக்கிற ஈயா அண்ணே?"

"அந்த ஈக்கு நல்ல ஒழுங்கு" என்றான் ஷேபு. "சுங்கத்துல வேலை குடுக்கலாம்."

"நீத்த சுண்ணாம்பு தோலை அரிக்கும், இப்படிப் பொசுக்காது. இது சுட்ட கல்லோட தூள். கழுதைக்கு வேர்த்திருக்கு, தூள் சாக்கு வழியாக் கசிஞ்சு வேர்வையில நீத்திருக்கு, அங்கேயே சுட்டிருச்சு." சொல்லிக்கொண்டே அவள் ஓலை மூடியிருந்த பெரிய குழிப்பக்கம் நடந்தாள். ஓலையைத் தூக்கினாள். குழி வழித்துத் துடைத்த சட்டி மாதிரி கிடந்தது. அடியில் ஒரு நண்டு மட்டும் ஓடி மூலையில் ஒதுங்கியது.

"அண்ணே, ஓபோ கம்பிக்குப் பின்னாடி இருக்கான். சாயங்காலம் லாமுவுக்குக் கொண்டுபோறாங்க."

ஃபூமோ அப்படியே தரையில் உட்கார்ந்தார். "ராத்திரி பூரா தூங்கல சொமோ. ஓபோ சின்ன வயசுல பள்ளிவாசல்ல என் கூட ஓதினவன். சுட்டதைத்தான் ஏத்தினேன். ஷாலிகிட்ட சொல்லல. லாமுல கொத்தனார் எறக்கினதும் நீத்திக்குவான், ஒரு நாள் பயணம்தானேன்னு நெனச்சேன். பலகைக்குத் தண்ணி ஊத்துவாங்கன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். பாய் போட்டு மூடினேன், பாய் தாங்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"ஒரு மழைக்காலம் பூரா ஊறின சுண்ணாம்பு எங்க போச்சு? குழி நெறைய இருந்துச்சே?"

"குடுத்துட்டேன்."

"ஷாலிக்குன்னு வச்சதை யாருக்குக் குடுத்தீங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"யாருக்கு அண்ணே? அந்த ஆளையும் துறைக்குக் கூட்டிட்டுப் போகணும்."

ஃபூமோ நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"அந்த ஆளு வந்தாச்சு சொமோ. நீதான்."



பீ சொமோவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. நோன்பு தொடங்குவதற்கு முன் தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு இதே இடத்துக்கு வந்தாள். பெருநாளுக்குத் தெரு முழுக்க வெள்ளையடிக்க வேண்டும், குழியில் இருப்பதை அப்படியே கொடுங்கள் என்றாள். இது ஷாலிக்கு வாக்குக் கொடுத்தது என்றார் ஃபூமோ. 'லாமு எங்கயும் ஓடிப்போயிடாது, அடுத்த தடவை குடுங்க, என் பேச்சுக்கு மரியாதை இல்லையா?' என்றாள். பெண்கள் சிரித்தார்கள். ஃபூமோ மண்வெட்டியை எடுத்தார்.

"என்கிட்ட மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"சொன்னேன். உனக்குக் கேக்கல. உன்கிட்ட ரெண்டாவது தடவை மாட்டேன்னு சொல்ல இந்தத் தீவுல யாருக்குத் தைரியம் இருக்கு?"

அவர்கள் புறப்பட்டபோது ஃபூமோ சுட்ட கற்களை ஒரு மூடியுள்ள தகர டப்பாவில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டார். கழுதையை விட்டுவிட்டு வந்தார். வழியில் ஷேபு அவள் பக்கமாக நெருங்கி, சன்னமாகச் சொன்னான்.

"அக்கா, கல்லைக் காட்டுங்க, முட்டையைக் காட்டுங்க, ஓபோ அண்ணன் வெளிய வந்துடுவாரு. அது போதும். வெள்ளையடிச்ச கதை எதுக்கு? ஃபூமோ அண்ணன் வாயத் தொறக்க மாட்டாரு, பாத்தாலே தெரியுது."

"அதுதான்டா குத்துது" என்றாள் அவள்.

அஸர் முடிந்து துறையில் கூட்டம் சேர்ந்திருந்தது. ஓபோவை நடுவில் நிறுத்திப் படகில் ஏற்றப் போகிற நேரம். கையில் விலங்கு. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் திருப்பாமல் நன்றாகவே பார்த்தார்கள். பீ சொமோ நேற்று நின்ற அதே கல்லருகே போய் நின்றாள்.

"சார், கொஞ்சம் இருங்க. நேத்து இங்க ஒரு முட்டையைக் காட்டி நான் ஒரு ஆளைக் கெடுத்தேன். இன்னைக்கு இன்னொண்ணு காட்டறேன்."

வாளியில் ஃபூமோ கற்களைக் கொட்டினார். இன்ஸ்பெக்டரை அழைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொட்டார். கல் ஆறிப்போய்ச் சாதுவாக இருந்தது. அதன்மேல் ஒரு ஓலைத்துண்டு, ஓலைமேல், கூடையின் மேல்வரிசையில் உடையாமல் மீந்திருந்த ஒரு பச்சை முட்டை. பிறகு ஒரு சிரட்டையில் கடல்தண்ணீர் அள்ளி ஓரமாக ஊற்றினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்தில் யாரோ இளித்தார்கள். பிறகு கல் 'இஸ்ஸ்' என்றது. இன்னொன்று வெடித்தது. கற்கள் உப்பின, பிளந்தன, வாளியிலிருந்து வெள்ளை ஆவி குபுகுபுவென்று எழுந்தது. மறுபடி தொடப்போன இன்ஸ்பெக்டர் 'ஐயோ' என்று கையை உதறிக்கொண்டு வாயில் வைத்துக்கொண்டார்.

"நெருப்பு எங்க?" என்றார்.

"காளவாயில. அங்க வெந்தப்ப வாங்கின சூட்டை அந்தக் கல்லு உள்ளயே வச்சுப் பூட்டிருச்சு சார். ஆறின மாதிரி தெரியும், ஆனா ஆறல. தண்ணி பட்டா பூட்டு தொறக்கும், வாங்கினதைத் திருப்பிக் குடுக்கும். ஒரு வாளிக்கே இப்படின்னா, அடைச்ச எடத்துல, காஞ்ச பாயும் கம்பும் பக்கத்துல இருக்க, மூட்டை மூட்டையா இருந்தா?"

"தீயை அணைக்க நாங்க ஊத்த ஊத்த அது சீறுச்சே!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "ஷைத்தான் பிடிச்ச தீன்னு நெனச்சோம்!"

ஆவி அடங்கக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள்.  பிறகு பீ சொமோ துணியைச் சுற்றி முட்டையை எடுத்து உடைத்தாள். அடிப்பக்கம் வெள்ளை கெட்டி. மேல்பக்கம் அவள் விரல்வழியாக வழிந்தது.

"ஓபோ அடுப்பைத் தொடல. ஓபோ நோம்பாளி" என்றாள் சத்தமாக.

இன்ஸ்பெக்டர் விலங்கைக் கழற்றினார். ஷாலி நகுதா ஃபூமோவின் சட்டையைப் பிடித்தார். "சுட்டதை ஏத்தினியாடா என் தோணியில?" ஃபூமோ வாய் திறக்கவில்லை. ஷேபு பீ சொமோவைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தான்.

"சட்டையை விடுங்க நகுதா" என்றாள் பீ சொமோ. "உங்க சுண்ணாம்பை அவரு ஒழுங்கா ஊற வச்சிருந்தாரு. மாட்டேன்னும் சொன்னாரு. நான்தான் அதிகாரம் பண்ணி வாங்கினேன். இப்ப அது என் வீட்டுச் சுவத்துல இருக்கு. எங்க தெரு பூரா இருக்கு. போய்ப் பாருங்க, நல்ல வெள்ளை."

ஒருவரும் 'ஆ' என்று சொல்லவில்லை. ஷாலியின் கை சட்டையிலிருந்து இறங்கியது. தெருப் பெண்கள் இரண்டு பேர் தலைத்துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்தபிறகு அவள் ஓபோவின் முன்னால் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவனே பேசினான்.

"நேத்து நோம்பு திறக்க பாங்கு சொன்னப்ப எனக்குத் தண்ணி தரல. மத்தியானமே சாப்ட்டவனுக்கு எதுக்குன்னு சிரிச்சானுங்க. அதை விட்டுர்றேன். காலையில மிஷி வந்தா. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, 'வாப்பா, அவ்வளவு பசிச்சுதா?'ன்னு கேட்டா. என் மக. அதுக்கு நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

"நான் வர்றேன்" என்றாள் பீ சொமோ.

ஓபோ முன்னால் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் மிஷி நின்றிருந்தாள். சேதி அவளை எட்டியிருக்கவில்லை. தகப்பனைக் கண்டதும் ஓடி வரவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வாப்பா நோம்பு முறிக்கலம்மா" என்றாள் பீ சொமோ. "தப்பாச் சொன்னது நான். தப்பு பூரா என்னோடது."

"பூரா உங்களோடது இல்ல பீ" என்றாள் மிஷி.  "அவரு என்னை வளத்தவரு. நீங்க சொன்ன உடனே நான் நம்பிட்டேனே. வாப்பா இனிமே என்னைப் பாக்கறப்பல்லாம் அது ஞாபகம் வராதா?"

 ஓபோ உள்ளே போய்க் கை கழுவினான். மிஷி பாய் விரித்தாள். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. அவன் பேரீச்சம்பழத் தட்டிலிருந்து முதல் பழத்தை எடுத்து மகளுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினான். பிறகு தன் வாயில் ஒன்று. அதற்கப்புறம் தட்டை, பார்க்காமலே, வாசல் பக்கமாகத் தள்ளினான்.

மன்னித்துவிட்டானா என்று என்னைக் கேட்காதீர்கள். நோன்பு திறக்கிற நேரத்தில் வாசலில் நிற்பவரைப் பட்டினி போட அந்தத் தீவில் ஆள் கிடையாது. பீ சொமோவுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் அந்தப் பழம் அவளுக்கு விழுங்க அவ்வளவு நேரமாயிற்று.

நீங்களும் ஒருவரை அவசரப்பட்டுக் குற்றவாளி ஆக்கியிருப்பீர்கள். காணாமல் போன கம்மல், கலைந்துபோன சம்பந்தம், ஏதாவது ஒன்று இருக்கும். அந்தக் கதையை எனக்கு எழுதுங்கள். கடைசியில் அவர் வீட்டு வாசலுக்குப் போனீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.